பதினோரு நிமிஷக் கம்ப்யூட்டர்

காலை ஆறே முக்காலுக்கு நிமிஷக்கா கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்துவாள். அழுத்திவிட்டு அதன் முன்னால் உட்காரமாட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். மேசைக்கு அடியில் இருக்கும் அந்தக் கறுப்புப் பெட்டி இருமி, உறுமி, விழித்தெழுந்து வேலைக்குத் தயாராகப் பதினோரு நிமிஷம் ஆகும். அதற்குள் கணவரின் உடம்பைத் துடைத்து, கீழே விரித்த துணியை மாற்றி, முதுகையும் குதிகால்களையும் பார்த்து முடித்துவிடுவாள்.

அறை ஒன்றுதான். ஜன்னலோரம் கட்டில். எதிர்ச் சுவரில் கடிகாரம், அதற்கு நேர் கீழே மேசை. அவள் வேலை செய்யும்போது கட்டிலில் கிடப்பவருக்குக் கடிகாரமும் தெரியும், மனைவியின் முதுகும் தெரியும். முகம் தெரியாது.

துண்டு இரண்டு வைத்திருந்தாள். முகத்துக்கு ஒன்று, மற்றதுக்கு ஒன்று. இரண்டும் எந்தக் காரணத்தைக் கொண்டும் இடம் மாறாது. அவரை ஒருபோதும் இழுக்கமாட்டாள், உருட்டுவாள். இழுத்தால் எலும்பு ஒரு பக்கமும் தோல் ஒரு பக்கமும் போகும், புண்ணுக்கு அதுவே வழி. எட்ட இருக்கும் முழங்காலை மடக்கி, ஒரு கையைத் தோளிலும் ஒரு கையை இடுப்பிலும் வைத்து, தன் பக்கமாகச் சாய்த்தால் போதும், அவரே வந்துவிடுவார். அவர் எண்பது கிலோ. அவள் ஐம்பதைத் தாண்டியதே இல்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று, குதிகால் மெத்தையைத் தொடாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் சுருட்டிய போர்வை. பெட்டி "டொய்ங்" என்று கூப்பிடும்போது அவள் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள். நாலு வருஷமாக இது தவறியதில்லை.

நிமிஷக்கா என்ற பெயரை வைத்தது அச்சக முதலாளி. எப்போது தொலைபேசியில் கூப்பிட்டாலும் "ஒரு நிமிஷம்" என்பாள். அந்த நிமிஷம் எப்போதும் நீளமாகத்தான் இருக்கும். முதலாளி அவளைவிடப் பதினைந்து வயது இளையவர். "அக்காவோட நிமிஷத்துல நான் ஒரு தடவை முடி வெட்டிக்கிட்டே வந்துட்டேன்" என்று எல்லோரிடமும் சொல்வார். ஆனால் வேலையை வேறு ஆளிடம் கொடுக்கமாட்டார். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைக்கிறார்களே பொடி எழுத்துத் தாள், அதை அமைப்பவள் அவள். தண்ணீர் பம்புக்கும் மாவு மில் இயந்திரத்துக்கும் வரும் கையேடுகளை அமைப்பவளும் அவள்தான். எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்புவது என்ற படத்தில் அம்புக்குறி மாறிப்போனால் ஒருவர் விரல் போய்விடும். அவள் அமைத்த பக்கத்தில் அம்புக்குறி மாறியதாக இதுவரை யாரும் சொன்னதில்லை.

கணவரும் அதே அச்சகம்தான். கீழ்த்தளத்தில் அச்சு இயந்திரத்தை இருபத்தாறு வருஷம் ஓட்டியவர். இயந்திரத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டே, சத்தத்தை வைத்து, "மூணாவது உருளையில எண்ணெய் இல்ல" என்று சொல்லிவிடுவார். அந்த இயந்திரத்தின் பக்கத்திலேயே ஒருநாள் பகலில் சரிந்து விழுந்தார். மூளையில் ரத்தக் கட்டி. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. இடது கை தங்கியது. வார்த்தைகளில் "சரி", "இல்ல", "ஆச்சு" என்ற மூன்றும் தங்கின. நாலாவதாக "அடச்சீ" என்பதும் தங்கியது, அதுதான் எல்லாவற்றிலும் தெளிவாக வரும்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது நர்ஸ் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைங்க. இன்னிக்கு மறந்தா நாளைக்குத் தெரியாது. மூணாம் நாள் தெரியும். அப்புறம் மூணு மாசம் தெரிஞ்சுக்கிட்டே இருக்கும்."

முதல் மாதம் அலாரம் வைத்துப் பார்த்தாள். சரிப்படவில்லை. அலாரத்தை அணைக்க ஒரு விரல் போதும், அணைத்த விரலுக்கு ஞாபகம் இருப்பதில்லை. அப்போதுதான் அச்சகம் அவள் வீட்டிலிருந்தே வேலை செய்யட்டும் என்று பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக் கொடுத்தது. அதற்கு ஒரு குணம் இருந்தது. படங்கள் நிறைந்த கோப்புகளைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்தால் இரண்டு மணி நேரத்தில் அதற்கு மூச்சு முட்டும். உள்ளே ஹார்ட் டிஸ்க் கறுக் கறுக்கென்று அரைக்கும். மவுஸ் என்கிற எலியை நகர்த்தினால் திரையில் அம்பு நகராது. அணைத்து மறுபடி போட்டால்தான் உண்டு. மறுபடி போட்டால் பதினோரு நிமிஷம்.

வேறு யாராவது தலையில் கை வைத்துக்கொண்டிருப்பார்கள். நிமிஷக்கா எழுந்து போய்க் கணவரைத் திருப்பினாள். மறுநாளும் அப்படியே. பத்து நாளில் வீட்டுக்கு ஒரு சட்டம் ஏற்பட்டுவிட்டது: பெட்டி நின்றால் அவரைத் திருப்பவேண்டும். மென்பொருள் திறக்கும் மூன்று நிமிஷத்தில் தண்ணீர் கொடுப்பாள். முடித்த பக்கங்களை அச்சகத்துக்கு அனுப்பும் கோப்பாக மாற்ற ஒன்பது நிமிஷம், அதில் மதியச் சாப்பாட்டில் பாதியை ஊட்டிவிடலாம். இரவில் எத்தனை முறை விழிப்பு வருகிறதோ அத்தனை முறையும் அவள் எழுந்துவிடுவாள், அது தனி. பகல் முழுக்க அந்தப் பெட்டிதான் பார்த்துக்கொண்டது.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து பார்க்கும் சிஸ்டர் ஒவ்வொரு முறையும் அவர் முதுகைப் பார்த்துவிட்டு நோட்டில் "தோல்: நலம்" என்று எழுதுவாள். நாலு வருஷத்தில் அந்த வரி மாறவில்லை.

"சம்பளம் குடுத்து ஆறு பேரை வச்சுப் பாக்குற இடத்துலகூட இப்படி ஒரு முதுகைப் பாத்ததில்லம்மா" என்று சிஸ்டர் ஒருமுறை சொன்னாள்.

"எல்லாம் அந்தப் பெட்டி பண்ற வேலை" என்றாள் நிமிஷக்கா. சிஸ்டர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

பெட்டிக்கு வருஷத்துக்கு ஒருமுறை தூசி தட்ட ஒரு மெக்கானிக் வருவார். நாற்பது வயது இருக்கும். குனிந்தால் தொப்பை தடுக்கும் என்பதால் மேசைக்கு அடியில் நேராக உட்கார்ந்தேவிடுவார்.

"இதை இன்னும் வச்சிருக்கீங்களாக்கா? இது ஆன் ஆகறதுக்குள்ள நான் வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வந்துடுவேன்."

"போயிட்டு வாங்க. உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது."

கட்டிலிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது.

"மாமாவும் உங்க கட்சிதானா? சரி, சொல்றதைக் கேளுங்க. உள்ள சுத்துற இந்த டிஸ்க்கைத் தூக்கிட்டு ஒரு எஸ்எஸ்டி போட்டுடலாம். சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும். சுத்துற தட்டே கிடையாது, சத்தமே வராது. பொத்தானை அமுக்கிட்டு நாற்காலியை இழுக்குறதுக்குள்ள எல்லாம் ரெடி."

"வேகமா ஆனா என்ன ஆகும்?"

மெக்கானிக்கிடம் இதற்குமுன் யாரும் அப்படிக் கேட்டதில்லை. திருப்புளியைக் கீழே வைத்தார். "என்ன ஆகுமா? வேகமா ஆகும்க்கா!"

"இப்ப வேண்டாம்."

வெளியூரிலிருக்கும் மகளும் அதையே சொன்னாள். மெக்கானிக்கின் எண்ணை வாங்கி அவரிடமே பேசிவிட்டு, அன்று மாலையே அம்மாவைக் கூப்பிட்டாள்.

"நான் வாங்கித் தர்றேங்கறேன். உனக்கு என்னதாம்மா பிரச்சினை? அந்த ஓட்டைப் பெட்டியை விட்டுப் பிரியமாட்டேங்கற. அப்பாவைவிட அதைத்தான் நல்லாப் பாத்துக்கற போல."

"ரெண்டையும் ஒண்ணாத்தான் பாத்துக்கறேன்."

"கிண்டல் வேற."

கிண்டல் இல்லை. உண்மையைத்தான் சொன்னாள். அதை விளக்கிச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. கம்ப்யூட்டர் மெதுவாக இருப்பதால்தான் உங்கப்பாவின் முதுகு நன்றாக இருக்கிறது என்று எந்தத் தாய் மகளிடம் சொல்வாள்? சொன்னால், அலாரம் வைத்துக்கொள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள்.

இப்படியே இன்னும் நாலு வருஷம் ஓட்டியிருப்பாள். ஆனால் ஒரு திங்கட்கிழமை முற்பகலில் அவர் "இல்ல" என்றார்.

அவள் திரும்பவில்லை. "என்ன இல்ல? தண்ணியா?"

"இல்ல. இல்ல." இடது கையின் ஆள்காட்டி விரல் மேசைக்கு அடியில் சுட்டியது. பிறகு அதே விரலால் கட்டிலின் இரும்புச் சட்டத்தைத் தட்டிக் காட்டினார். டக், டக், டக். ஒரு இடைவெளி. டக்.

அவள் காதைக் கொடுத்துக் கேட்டாள். வழக்கமான கறுக் கறுக்தான். அவளுக்கு வேறொன்றும் புரியவில்லை. ஆனால் இயந்திரத்தின் சத்தத்தைப் பற்றி அவர் சொல்லித் தப்பானதாக அவளுக்கு ஞாபகமும் இல்லை. "பாத்துக்கலாம்" என்றாள். பார்த்துக்கொள்ளவில்லை. புதன்கிழமை காலை பம்பு கையேட்டின் கோப்பு திறக்க மறுத்தது. அறுபத்து நாலு பக்கம்.

மெக்கானிக் வந்து, காதை வைத்து, நிமிர்ந்தார். "டிஸ்க் போயிட்டிருக்குக்கா. எப்ப வேணா நின்னுடும். யார் கண்டுபிடிச்சது?"

"அவர்தான். திங்கக்கிழமையே."

"மாமா, நான் ரிடையர் ஆனதும் என் கடையை நீங்க எடுத்துக்குங்க."

"சரி" என்றார் அவர்.

டிஸ்க்கைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய், அதிலிருப்பதையெல்லாம் நகலெடுத்துவிட்டு மறுநாள் திரும்ப வந்தார். கையேடு பிழைத்துவிட்டது. இனி கேள்வி ஒன்றுதான். அவர் பையில் இரண்டு இருந்தன. ஒன்று புத்தம் புது எஸ்எஸ்டி, மகள் சொல்லி வாங்கி வந்தது. இன்னொன்று வேறு ஒரு கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய, நன்றாக ஓடக்கூடிய பழைய வகை ஹார்ட் டிஸ்க். நகலை அதிலும் எடுத்து வைத்திருந்தார்.

"இது பழையபடி மெதுவா ஓடுமா?" நிமிஷக்கா இரண்டாவதைத் தொட்டுக் கேட்டாள்.

"ஓடும். அதே ஆமைதான். ஏன்?"

"அப்ப இதையே போட்டுடுங்க."

மெக்கானிக் அவளையே பார்த்தார். கோபம்கூட வந்திருக்கும். இரண்டு வருஷமாகச் சொல்கிறார். "அக்கா, எனக்கு இதுல ஒரு லாபமும் இல்ல. ஆனா ஏன்னு தெரியாம இதை நான் போடமாட்டேன்."

வேறு வழியில்லாமல் சொன்னாள். பதினோரு நிமிஷம், மூன்று நிமிஷம், ஒன்பது நிமிஷம், இரண்டு மணி நேரத்து மூச்சுமுட்டல், எல்லாம். சொல்லச் சொல்லத் தனக்கே அது எவ்வளவு விசித்திரமாக இருக்கிறது என்று தெரிந்தது. மெக்கானிக் சிரிக்கவில்லை. எழுந்து போய்க் கட்டிலருகே நின்றார். அப்போது அவள் கணவர் இடது பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தார். சட்டை விலகித் தெரிந்த முதுகு கழுவிய கல் மாதிரி சுத்தமாக இருந்தது.

"எங்க அப்பா எட்டு மாசம் படுத்திருந்தார்க்கா. வீட்டுல நாங்க அஞ்சு பேர்" என்றார். விலகிய சட்டையைக் கீழே இழுத்துவிட்டார். "நீங்க சொல்றதைப் போடறேன். ஆனா ஒரு தடவை முதலாளிகிட்ட பேசிடுங்க" என்றார்.

அங்கேயே முதலாளியைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். அவர் சொன்னது அவளுக்கு முன்பே தெரிந்ததுதான். பம்பு கம்பெனிக்காரர்கள் இனிமேல் காலையில் திருத்தம் கொடுத்தால் மாலைக்குள் பக்கம் கேட்கிறார்கள். "உங்களை விட்டுட எனக்கு மனசில்லக்கா. ஆனா இந்த வேகத்துல முடியாதுன்னா அந்த வேலையை இங்க மேல்மாடியில டைப் பண்ற பொண்ணுங்ககிட்ட குடுத்துத்தான் ஆகணும்."

அந்தக் கையேடு போனால் பாதி வேலை போனது மாதிரி. வெளியே போய் வேலை தேடினால் இவரைத் திருப்ப யார் இருக்கிறார்கள்? நிமிஷக்கா நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தாள். நாலு வருஷம். கை தானாகப் போகிறது, கால் தானாக எழுகிறது. இனியும் அதை ஒரு பெட்டி ஞாபகப்படுத்தவேண்டுமா என்ன? போதாததற்கு அலாரமும் வைத்துக்கொண்டால் போயிற்று.

"புதுசையே போடுங்க" என்றாள்.

முதல் நாள் பொத்தானை அழுத்திவிட்டு வெந்நீர் வாளியை எடுக்கத் திரும்பினாள். "டொய்ங்." வாளியில் கை படக்கூட இல்லை. கணவரும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அடச்சீ" என்றார் அவர்.

வேலை பறந்தது. மூன்று நிமிஷம் எடுத்த மென்பொருள் கண்ணை மூடித் திறப்பதற்குள் திறந்தது. பெட்டி ஒருமுறைகூட நிற்கவில்லை, ஒரு சத்தமும் இல்லை. காலையில் வந்த திருத்தம் மதியத்துக்கே திரும்பிப் போனது. முதலாளி அசந்துபோய், "அக்கா, உங்க பேரை மாத்தணும் போலிருக்கே" என்றார். அவளுக்கும் அந்த ருசி பிடித்துவிட்டது. அதை மறைத்துப் பயனில்லை. இத்தனை வருஷம் காத்திருந்து காத்திருந்து செய்த வேலையை, இப்போது கை போகிற வேகத்துக்குச் செய்யமுடிந்தது. அலாரம் அடிக்கும். ஒரு விரலால் அணைப்பாள். "ஒரு நிமிஷம், இந்தப் பக்கம் மட்டும்." பக்கம் முடியும், அடுத்ததும் திறந்தே இருக்கும்.

ஒன்பதாம் நாள் காலை உடம்பைத் துடைக்கும்போது வால் எலும்புக்கு மேலே ஒரு சிவப்பைக் கண்டாள். இரண்டு விரல் அகலம்.

விரலை வைத்து அழுத்தினாள். எடுத்தாள். நல்ல தோல் என்றால் அழுத்திய இடம் வெளுத்துப் பிறகு சிவக்கும். இது வெளுக்கவில்லை. அழுத்தியபோதும் சிவப்பு, எடுத்தபோதும் சிவப்பு. மறுபடி அழுத்திப் பார்த்தாள். அதே.

அழுதால் தோல் ஆறாது. அவள் அழவில்லை. கம்ப்யூட்டரின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். சிஸ்டரைக் கூப்பிட்டாள்.

"தோல் கிழியலையே? நல்லவேளை, புண்ணு இன்னும் கதவுக்கு வெளியிலதான் நிக்குது. தேய்க்காதீங்க, எண்ணெய் போடாதீங்க, வட்டமா ஓட்டை வச்ச தலையணை எதையும் வைக்காதீங்க. மல்லாக்கப் படுக்கவே விடாதீங்க. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்புங்க" என்றாள் சிஸ்டர். கடைசியில், "என்னம்மா ஆச்சு? உங்க வீட்டுலயா?" என்றும் கேட்டாள். அந்தக் கடைசிக் கேள்விதான் சுருக்கென்று தைத்தது.

அவரை இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்துவிட்டு, நாற்காலியைக் கட்டில் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நேரம் ஆச்சுன்னு உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

அவர் கண் கடிகாரத்துக்குப் போய்த் திரும்பியது. "சரி."

"ஏன் கூப்பிடல?"

"ஆச்சு" என்றார் அவர். மெதுவாக, இரண்டாம் முறை: "ஆச்சு."

அவளுக்கு அப்போது ஞாபகம் வந்தது. கூப்பிட்டிருக்கிறார். அந்த ஒன்பது நாளில் எத்தனையோ தடவை முதுகுக்குப் பின்னால் "ஆச்சு" என்று கேட்டிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் திரும்பாமலே அவள் பதில் சொல்லியிருக்கிறாள். ஒரு நிமிஷம். அலாரத்தை நிறுத்திய அதே மாதிரி. பழைய பெட்டி மட்டும்தான் அவளிடம் அந்தப் பேச்சைக் கேட்காமல் நின்றுவிடும்.

மூன்று நாள் வேலையைத் தொடவில்லை. மணிக்கு ஒருமுறை திருப்பினாள். முதலாளியிடம் காய்ச்சல் என்று பொய் சொன்னாள். மூன்றாம் நாள் மாலை அழுத்திய இடம் வெளுத்தது. நாலாம் நாள் காலை சிவப்பே மங்கிவிட்டது. அன்றே மெக்கானிக்கைக் கூப்பிட்டாள்.

"அந்த ஆமையை எடுத்துக்கிட்டு வாங்க."

"அக்கா..."

"முதலாளி வேலையை எடுத்தா எடுத்துக்கட்டும். மருந்துத் தாளை வச்சு ஓட்டிக்கறேன். நீங்க வாங்க."

அவர் வந்தார். முகம் தொங்கிக்கிடந்தது. இந்தச் சிவப்புக்குத் தானும் ஒரு காரணம் என்று நினைத்தாரோ என்னவோ, வழக்கமான கிண்டல் ஒன்றும் இல்லை. கழற்றுமுன் எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கப் பெட்டியைப் போட்டார். அவளுடைய எலியின் வயர் அரை நாள் வேலை செய்யும், அரை நாள் செய்யாது. அதனால் தன் பையிலிருந்த வயர் இல்லாத எலியின் சின்ன ரிசீவர் முளையைப் பெட்டியின் பின்னால் செருகினார். எலியை எங்கே வைப்பது என்று தெரியாமல், மேசையில் இடமில்லாததால், எட்டிக் கட்டிலின் ஓரத்தில் வைத்தார்.

நிமிஷக்கா கடைசியாக ஒரு பக்கத்தைச் சேமித்துவிடலாம் என்று தன் எலியைப் பிடித்தாள். அம்புக்குறி அவள் கைக்கு அடங்காமல் திரையின் மேல் மூலைக்கு ஓடியது. கீழே இழுத்தாள். மறுபடி மேலே ஓடி ஒரு சுற்றுச் சுற்றியது.

"இதென்ன, பேய் பிடிச்ச மாதிரி?"

மெக்கானிக் மேசைக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார். "ரெண்டு எலி ஒரே பெட்டியில இருக்குல்ல, எதை ஆட்டினாலும் ஆடும். ஆனா அதை யாரு..."

இருவரும் திரும்பினார்கள். கட்டிலில் அவர் இடது உள்ளங்கைக்குள் எலியை வைத்துப் போர்வையின்மேல் தேய்த்துக்கொண்டிருந்தார். கண் திரையில் இருந்தது. எலி வலப்பக்கம் போனால் அம்பு வலப்பக்கம் போனது. வாயின் ஒரு பாதி சிரித்தது.

"என்னங்க, விடுங்க. சேமிச்சுக்கறேன்."

அவர் விடவில்லை. அவள் சேமிக்கப் போகும்போதெல்லாம் அம்பைத் தட்டிவிட்டார். ஒரு பொம்மையைப் பிடுங்கிக்கொண்ட குழந்தையின் சேட்டை என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு அவர் எலியை விட்டுவிட்டுக் கையைத் தூக்கினார். விரல் கடிகாரத்தைச் சுட்டியது, பிறகு தன் இடுப்பை, பிறகு மேசைக்கு அடியிலிருந்த பெட்டியை. மெக்கானிக் கையில் வைத்திருந்த பழைய டிஸ்க்கைப் பார்த்து, "இல்ல" என்றார். மறுபடி எலியைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினார். "ஆச்சு."

மெக்கானிக்குக்கு முதலில் புரிந்தது.

"அக்கா, மாமா சொல்றது... அந்தப் பெட்டி நின்ன மாதிரி, இனிமே இவர் நிறுத்துவாராம்."

நிமிஷக்கா எழுந்து கட்டிலருகே வந்தாள். எலியை அவர் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள். இடது கை எப்போதும் எட்டுமா? வலப்பக்கம் சாய்த்தால் இடது கை மேலே இருக்கும், சுலபம். இடப்பக்கம் சாய்த்தால் கை மார்புக்கு முன்னால் வரும், அப்போதும் எட்டும். போர்வையில் மடிப்பு விழுந்தால் எலி வழுக்குமே. அதற்கு ஒரு அட்டை போதும். கீழே விழுந்தால்? எலியில் ஒரு நாடாவைக் கட்டிக் கட்டில் சட்டத்தில் முடிந்துவிடலாம், மணிக்கட்டில் கட்டவேண்டாம், தோலை அறுக்கும். இத்தனையும் யோசித்து முடித்த பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நான் திட்டினாலும் ஆட்டுவீங்களா?"

"சரி."

"ஒரு நிமிஷம்னு சொன்னா?"

"அடச்சீ" என்றார் அவர்.

மெக்கானிக் பழைய டிஸ்க்கைப் பைக்குள் போட்டார். எலியை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நடந்தது சட்டென்று சொல்லிவிடக்கூடியதுதான். பம்பு கையேடு அவளிடமே இருக்கிறது. சிஸ்டரின் நோட்டில் ஒரு வரி மட்டும் வேறுமாதிரி, "வால் எலும்பில் சிவப்பு, கிழியவில்லை" என்று இருக்கிறது. அதற்கு அடுத்த வரியிலிருந்து மறுபடியும் "நலம்". மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "நாலு வருஷமா இதை ஏம்மா என்கிட்ட சொல்லல?" என்று மகள் கத்திவிட்டு, அடுத்த வாரமே எலிக்கு ஒரு டஜன் பேட்டரி அனுப்பிவைத்தாள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவள் திரையில் அம்புக்குறி கிறுக்குப் பிடித்துச் சுற்றும். பாதிப் படத்தில் இருந்தாலும் சரி, முக்கால் அம்பில் இருந்தாலும் சரி, எழுந்துதான் ஆகவேண்டும். அதை ஒரு விரலால் அணைக்கமுடியாது. ஏமாற்றவும் முடியாது, எதிராளி கடிகாரத்துக்கு நேரே படுத்திருக்கிறார். அவர் நேரம் தவறவிட்டதும் இல்லை. இருபத்தாறு வருஷம் இயந்திரம் ஓட்டியவருக்கு மறுபடி ஒரு வேலை கிடைத்ததும் முகமே மாறிப்போனது என்பது சிஸ்டர் சொன்னது. நிமிஷக்கா அப்படியெல்லாம் சொல்லமாட்டாள். அவர் அநியாயம் பண்ணுகிறார் என்பாள். ஜன்னல் கதவை மூடச்சொல்லவும் ஆட்டுகிறார், தெருவில் யாரோ சத்தமாகச் சிரித்தால் என்னவென்று கேட்கவும் ஆட்டுகிறார். அவள் அமைத்த பக்கத்தைப் பின்னாலிருந்து பார்த்து, எழுத்து வரிசை கோணலாக இருக்கிறது என்று நினைத்தால் அதற்கும் ஆட்டுகிறார்.

"கோணலா இருந்துதா?" என்று சிஸ்டர் கேட்டாள்.

"இருந்துது" என்றாள் நிமிஷக்கா, வேண்டாவெறுப்பாக.

போன வாரம் முதலாளி அவசரமாகக் கூப்பிட்டார். இயந்திரத்தில் தாள் ஏற்றியாயிற்று, எட்டாம் பக்கத்தில் ஒரு எண் தப்பு, உடனே மாற்றி அனுப்பவேண்டும். அவள் தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு அந்த எண்ணைப் பிடிக்கப் போனாள். அம்பு துள்ளி மேலே ஓடியது. கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றே கால். ஒன்பதே காலுக்குத் திருப்பியது.

"என்னக்கா, மாத்தியாச்சா? இங்க எல்லாரும் நிக்கிறாங்க."

"ஒரு நிமிஷம்" என்று முதலாளியிடம் சொன்னாள். தொலைபேசியை மேசையில் மல்லாக்க வைத்துவிட்டு எழுந்தாள்.